சிட்டாங் பாலம், 1942: விடியுமுன் எடுத்த முடிவு

1942 பிப்ரவரி 23, திங்கட்கிழமை. அதிகாலை நாலரை மணி. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பர்மாவுக்குள் ஜப்பானியப் படை முன்னேறிக்கொண்டிருந்த நேரம். சிட்டாங் ஆற்றுக்கு மேற்கே சில மைல் தள்ளி, ஆபியா என்ற இடத்தில், பின்வாங்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் தரப்பின் 17-வது இந்திய டிவிஷனுடைய தலைமையகம். அங்கே தொலைபேசி ஒலிக்கிறது. மறுமுனையில் பாலத்தின் பொறுப்பிலிருந்த பிரிகேடியர் நோயல் ஹியூ-ஜோன்ஸ். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: விடிந்த பிறகு பாலத்தைப் பிடித்து வைத்திருக்க முடியும் என்று உறுதி சொல்ல முடியாது, வெளிச்சம் வந்துவிட்டால் வெடிவைப்பதும் முடியாமல் போகலாம், இப்போதே தகர்க்கவா, வேண்டாமா என்று தெளிவான உத்தரவு வேண்டும்.

தகர்த்தால் டிவிஷனின் பெரும்பகுதி எதிரியின் கரையில் மாட்டிக்கொள்ளும். டிவிஷன் என்பது சில பிரிகேடுகள் சேர்ந்தது, பிரிகேட் என்பது சில பட்டாலியன்கள் சேர்ந்தது. இரண்டு முழு பிரிகேடுகளும் மூன்றாவதின் ஒரு பகுதியும் இன்னும் கிழக்கே இருந்தன. தகர்க்காமல் விட்டு, பாலம் முழுசாக ஜப்பானியர் கையில் போய்விட்டால், தலைநகர் ரங்கூனுக்குப் போகும் வழியில் அவர்களை நிறுத்த ஆள் கிடையாது. டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் ஜான் ஸ்மித் ஐந்து நிமிடத்துக்குள் பதில் சொன்னார். ஐந்தரை மணிக்குப் பாலம் வெடித்தது.

எண்பது வருடங்களுக்கு மேலாக அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் வாதம் நடக்கிறது. ஸ்மித் செய்தது சரியா, தவறா? எனக்கு இந்தக் கேள்வியில் பாதி ஆர்வம்தான். அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தபோது நல்ல முடிவு என்று எதுவும் மிச்சமில்லை. அந்த நிலைக்கு ஒரு டிவிஷன் எப்படி வந்து சேர்ந்தது என்பதற்குப் பத்து நாட்கள் பின்னால் போகவேண்டும்.

மூன்று ஆறுகள், ஒரு துறைமுகம்

தாய்லாந்து எல்லையிலிருந்து ரங்கூன் நோக்கி மேற்கே வருகிறவர்களுக்கு வரிசையாக மூன்று ஆறுகள் குறுக்கே வரும். முதலில் சால்வீன், அடுத்து பிலின், கடைசியில் சிட்டாங். இதில் பிலின் பெயருக்குத்தான் ஆறு. பிப்ரவரி மாதம் அங்கே மழையில்லாத காலம். பல இடங்களில் காலை நனைத்துக்கொண்டு கடந்துவிடலாம். சிட்டாங் அப்படியில்லை. அகலமானது, இழுப்பு அதிகம், கடல் ஓதம் ஏறி இறங்கும் ஆறு. அதன் குறுக்கே இருந்தது ஒரே ஒரு இரும்பு ரயில் பாலம். பதினோரு கண் பாலம், ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளம். லாரிகள் போவதற்காகத் தண்டவாளத்தின் மேல் பலகை அடித்திருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகமுடியும்.

ரங்கூன் எதற்காக வேண்டும்? சீனாவுக்கு அமெரிக்க உதவிச் சரக்கு போய்ச் சேரும் வாசல் அதுதான். பர்மாவுக்கே படையும் பீரங்கியும் கப்பலில் வரவேண்டிய ஒரே பெரிய துறைமுகமும் அதுதான். இந்தியாவிலிருந்து பர்மாவுக்குள் படை வருவதற்கு அன்று ஒழுங்கான சாலை கிடையாது. ரங்கூன் போனால் பர்மாவும் போனது என்பது வரைபடத்தைப் பார்த்த யாருக்கும் புரியும்.

ஜாவா, ரங்கூன், முன்னணி

கட்டளைச் சங்கிலியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிரச்சினை பாதி அங்கே இருக்கிறது.

முன்னணியில் ஸ்மித். முதல் உலகப் போரில், 1915-ல் பிரான்சில் சீக்கியப் படைப்பிரிவோடு இருந்தபோது, வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர். ஆகவே கோழை என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் 1942-ல் அவர் உடல்நிலை சரியில்லை. ஆசனவாய் வெடிப்புக்கு இந்தியாவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அது முழுசாக ஆறாமலே களத்துக்கு வந்தவர். உட்கார்ந்தாலும் நடந்தாலும் வலி. அந்த வலியோடுதான் அந்த வாரங்களைக் கடத்தினார்.

அவருக்கு மேலே ரங்கூனில் லெப்டினன்ட் ஜெனரல் தாமஸ் ஹட்டன். அலுவலக நிர்வாகத்தில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர். இந்தியத் தலைமையகத்திலிருந்து நேரே இங்கே அனுப்பப்பட்டவர். அவருக்கும் மேலே ஜெனரல் வேவல். அவர் இருந்ததோ ஜாவாவில். அமெரிக்கா, பிரிட்டன், டச்சு, ஆஸ்திரேலியா நான்கும் சேர்ந்து ஜனவரியில் அமைத்த கூட்டுத் தலைமையகத்தின் தளபதி அவர். சிங்கப்பூர், ஜாவா, சுமத்ரா எல்லாம் எரிந்துகொண்டிருந்த நேரத்தில், கடலுக்கு அப்பால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்த பர்மாவும் அவர் பொறுப்பில் சேர்ந்தது. பிப்ரவரி 25-ல் அந்தத் தலைமையகமே கலைக்கப்பட்டுவிட்டது. பர்மாவின் தலைவிதி முடிவான வாரங்களில் அதை மேலிருந்து நடத்தியது அப்படிப்பட்ட ஒரு அலுவலகம்.

ஸ்மித்தின் டிவிஷனையும் சொல்லவேண்டும். 1941-ல் மத்தியக் கிழக்குப் பாலைவனத்துக்காகத் தயாரான படை. வண்டிகளை நம்பி நகரப் பழகியது. காட்டுப் போர் பழக்கம் இல்லை. புதிதாகச் சேர்ந்த பையன்கள் அதிகம். அதன் சொந்த பிரிகேடுகளில் இரண்டை, 44-வதையும் 45-வதையும், பிடுங்கி மலாயாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவை இரண்டும் அங்கேயே அழிந்தன. அவற்றுக்குப் பதிலாக இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்த பிரிகேடுகளை ஒட்டித்தான் பர்மாவில் '17-வது டிவிஷன்' என்று ஒன்று நின்றது. எதிரில் ஜப்பானின் 33-வது, 55-வது டிவிஷன்கள். சாலையை நம்பாமல், கழுதையும் காளையும் பூட்டிய வண்டிகளோடு காட்டு வழியில் சுற்றிவந்து பின்பக்கம் மறிப்பது அவர்கள் வழக்கம்.

பத்து நாட்கள்

ஜனவரி 31-ல் சால்வீன் முகத்துவாரத்து ஊரான மௌல்மீன் விழுந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் வேவல் நேரில் வந்து பார்த்துவிட்டு, முடிந்தவரை முன்னால் நின்று சண்டை போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜப்பானியரைப் பற்றி அவருக்குப் பெரிய மதிப்பு இல்லை; அந்த அலட்சியம் அந்த வருடம் பல பிரிட்டிஷ் தளபதிகளிடம் இருந்ததுதான். அடுத்த வாரமே சால்வீன் கரையில் பலூச் ரெஜிமென்டின் ஒரு பட்டாலியன் கிட்டத்தட்ட முழுசாக அழிந்தது.

பிப்ரவரி 12-ல் ஸ்மித் தன் அதிகாரி பிரிகேடியர் 'பஞ்ச்' கோவனை ரங்கூனுக்கு அனுப்பினார். சேதி ஒன்றே ஒன்று: உடனே சிட்டாங்குக்குப் பின்னால் போய்விடுகிறோம், அனுமதி கொடுங்கள். வெட்டவெளி நிலம், நல்ல ஆறு, முதுகில் ரங்கூன். படையை ஒழுங்குபடுத்திக்கொண்டு அங்கே நின்று சண்டை போடலாம். ஹட்டன் மறுத்தார். அவருக்குக் கப்பல்கள் வந்து சேர அவகாசம் தேவைப்பட்டது. டாங்குகள் கொண்ட 7-வது கவச பிரிகேட் கடலில் வந்துகொண்டிருந்தது. அது ரங்கூனில் இறங்கும்வரை ஜப்பானியரை எவ்வளவு தொலைவில் நிறுத்த முடியுமோ அவ்வளவு நல்லது என்பது அவர் கணக்கு.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஹட்டனுக்கு நாட்கள் வேண்டும். ஸ்மித்துக்கு அந்த நாட்களைத் தாக்குப்பிடிக்க ஒரு படை மிஞ்ச வேண்டும். ஆனால் முடிவு இரண்டையும் அரைகுறையாகக் கலந்த ஒன்றாக வந்தது. பிலின் ஆற்றில் நில்லுங்கள் என்று உத்தரவு. நின்றார்கள். நான்கு நாட்கள் கடுமையான சண்டை. உண்மையைச் சொன்னால், அந்தப் பயிற்சியில்லாத பையன்கள் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாகவே சண்டை போட்டார்கள். ஆனால் டிவிஷனின் கடைசிப் பட்டாலியன்வரை அந்தச் சண்டையில் இழுக்கப்பட்டுவிட்டது. கையில் இருப்பு ஒன்றுமில்லை. ஜப்பானியர் வழக்கம்போல் பக்கவாட்டில் சுற்ற ஆரம்பித்திருந்தார்கள்.

பின்வாங்கும் அனுமதி கிடைத்தது பிப்ரவரி 19-ல். கோவன் கேட்டுவிட்டு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சிட்டாங் பாலத்துக்கு அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர். எதிரியோடு பிணைந்து கிடக்கும் படையைப் பிரித்தெடுத்து, ஒற்றைச் சாலையில், ஒற்றைப் பாலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பின்வாங்கல் பற்றிய வானொலிச் செய்தி ரகசியக் குறியீடு இல்லாமல் போனதாகவும், ஜப்பானியர் அதை ஒட்டுக்கேட்டதாகவும் போர் வரலாறுகளில் பதிவு உண்டு. எப்படியானாலும், 33-வது டிவிஷனின் தளபதி சகுராய், எதிரில் இருப்பவர்களோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காமல், தன் ரெஜிமென்டுகளைக் காட்டுப் பாதையில் நேரே பாலத்துக்கு ஓடச் சொன்னார்.

ஆக, அது ஓட்டப்பந்தயம். ஒரு பக்கம் அதைப் பந்தயமாகவே ஓடியது. மறுபக்கம் ஓடவில்லை. பிப்ரவரி 20-ம் 21-ம் மெதுவாகக் கழிந்தன. பிலினுக்கும் சிட்டாங்குக்கும் நடுவே உள்ள கியாய்க்டோ பகுதியில் படை தங்கித் தங்கி நகர்ந்தது. ஸ்மித் மீது வைக்கிற குற்றச்சாட்டுகளில் எனக்கு மறுக்க முடியாததாகத் தோன்றுவது இதுதான். சிட்டாங்குக்குப் பின்னால் போகவேண்டும் என்று எல்லோருக்கும் முதலில் சொன்னவர் அவர். அனுமதி வந்த பிறகு, பாலத்தில் ஒரு முழு பிரிகேடை முன்கூட்டியே நிறுத்தும் வேலையை அவர் செய்யவில்லை. பாலத்தைக் காக்க அங்கே இருந்தது சொற்பப் படை. பாதி வழியில் களைத்தவர்கள், பின்காவலில் அடிபட்டவர்கள், எல்லோரும் அந்த வாசலை நம்பித்தான் நடந்துகொண்டிருந்தார்கள். வாசலில் காவல் பலமாக இல்லை.

21-ஆம் தேதி நடை பற்றி அதில் நடந்தவர்கள் சொன்னதெல்லாம் ஒன்றுபோல இருக்கும். செம்மண் புழுதி, நெருப்பு வெயில், குடிக்கத் தண்ணீர் இல்லை. மேலே விமானங்கள். ஜப்பானிய விமானங்கள் சுட்டன என்றால் சரி, எதிர்பார்த்ததுதான். நேச நாட்டு விமானங்களும் வந்து, சாலையில் போவது ஜப்பானியர் என்று நினைத்துத் தாங்களும் சுட்டன, குண்டு போட்டன. வண்டிகள் எரிந்தன, காயம்பட்டவர்களை ஏற்றிப்போன ஆம்புலன்ஸ்கள் நின்றன, ஆட்கள் ரப்பர் தோட்டங்களுக்குள் சிதறி ஓடினார்கள். பிரிகேடுகளுக்கு இடையே இருந்த தொடர்பு அறுந்தது. வானொலிக் கருவிகள் ஏற்கெனவே குறைவு.

அன்று இரவு, 22 அதிகாலை சுமார் நான்கு மணிக்கு, பாலத்தின் நடுவே ஒரு லாரி பலகையை விட்டு விலகிச் சிக்கிக்கொண்டது. அதை நகர்த்தப் பல மணி நேரம் ஆயிற்று. பின்னால் வண்டிகள் மைல் கணக்கில் நின்றன. ஒரு டிவிஷனின் பின்வாங்கல் ஒரு லாரி டிரைவரின் ஸ்டீயரிங்கில் மாட்டி நிற்பதைப் படிக்கும்போது, நம்ம ஊர் ஒற்றை வழி ரயில்வே கேட்டில் நின்ற எரிச்சல்தான் எனக்கு நினைவு வந்தது. ஆனால் இங்கே கேட்டுக்குப் பின்னால் ஜப்பானியர்.

22-ஆம் தேதி

காலையில் லாரிகள் மறுபடி நகர ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து ஜப்பானியர் பாலத்தின் கிழக்கு முனையில் பாய்ந்தார்கள். பாலத்தை மேலிருந்து பார்க்கும் குன்றுகள் அங்கே உண்டு. பகோடா குன்று, புத்தர் குன்று என்று பிரிட்டிஷார் பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் குன்றுகளுக்காக நாள் முழுக்கச் சண்டை. குன்றுகள் கை மாறிக்கொண்டே இருந்தன. பாலமுனையை எப்படியோ பிடித்து வைத்தார்கள். ஆனால் தெற்கே, சில கிலோமீட்டர் தூரத்தில் மொக்பாலின் பக்கம் வந்துவிட்டிருந்த 16-வது, 46-வது பிரிகேடுகளுக்கும் பாலத்துக்கும் இடையில் ஜப்பானியர் புகுந்துவிட்டார்கள்.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று. பாலத்தில் இருந்தவர் 48-வது பிரிகேடின் ஹியூ-ஜோன்ஸ். கிழக்கே மாட்டிக்கொண்டவர் 16-வது பிரிகேடின் ஜே.கே. ஜோன்ஸ். இரண்டு ஜோன்ஸ்களுக்கும் இடையே தொடர்பு இல்லை. 46-வதின் பிரிகேடியர் எகின் காட்டுக்குள் தன் ஆட்களோடு தனியாக வழிதேடிக்கொண்டிருந்தார். கிழக்கே இருந்தவர்கள் இன்னும் எத்தனை பேர், எங்கே, சண்டை போடும் நிலையில் இருக்கிறார்களா, எதுவும் மேற்கே தெரியாது. மேற்கே என்ன யோசிக்கிறார்கள் என்று கிழக்கே தெரியாது. சத்தம் மட்டும் கேட்டது.

வெடிவைக்கும் வேலை மாலேர்கோட்லா சமஸ்தானத்துச் சுரங்கப் படையினரிடம் இருந்தது. மேஜர் ஆர்கில், லெப்டினன்ட் பஷீர் அகமது கான் ஆகியோர் பொறுப்பில். வெடிமருந்தைக் கட்டிவிட்டார்கள். ஆனால் திரியும் கம்பியும் போதவில்லை. மேற்குக் கரையில் பத்திரமான மறைவிலிருந்து அழுத்துவதற்குப் பதிலாக, பாலத்தின் மேலேயே நின்று வெடிக்கவைக்கும்படி ஆகிவிட்டது. கிழக்கே குன்றில் ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கி. இருட்டில் அது ஒருவகை. விடிந்தால் பாலத்தில் தலையைத் தூக்க முடியாது. பகலில் வெடிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று ஆர்கில் ஹியூ-ஜோன்ஸிடம் சொன்னார்.

இந்த முடிவின் திருகாணி இதுதான் என்பது என் கருத்து. ஒரு தளபதி தன் படையைக் கைவிடலாமா என்ற பெரிய கேள்வியை, நாலரை மணியிலிருந்து விடியலுக்குள் தீர்க்கச் சொன்னது கம்பிப் பற்றாக்குறை. இன்னும் நூறு, இருநூறு மீட்டர் கம்பி இருந்திருந்தால் பகலிலும் காத்திருந்து பார்க்கலாம். காத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஜே.கே. ஜோன்ஸ் விடிந்ததும் பாலத்தை நோக்கி வழி உடைத்துப் போகத் திட்டமிட்டிருந்தார்.

தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு ஸ்மித்திடம் இருந்த தகவல் ஹியூ-ஜோன்ஸ் சொன்னது மட்டும்தான். ஹியூ-ஜோன்ஸ் இரண்டு நாட்களாகத் தூங்காதவர். பாலமுனையில் இருந்தவர்களின் நிலைமையைத் தன் கண்ணால் பார்த்தவர். கிழக்கே இருந்தவர்கள் நிலைமையைப் பார்க்காதவர். அங்கே இன்னும் பெரிய படை மிச்சமிருக்கும் என்ற நம்பிக்கை அவரிடம் குறைந்திருந்தது. அந்த நம்பிக்கைக் குறைவும் சேர்ந்துதான் தொலைபேசிக் கம்பி வழியாக ஆபியாவுக்குப் போயிற்று. ஸ்மித் பாலத்துக்கு வந்து நின்று பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. வந்திருக்க நேரமும் இல்லை என்பது அவருக்காகச் சொல்லவேண்டியது. வலியில் இருந்த ஒருவர், இருட்டில், வேறொருவர் குரலைக் கேட்டுக் கொடுத்த உத்தரவு.

வெடித்த பிறகு

சத்தம் கேட்டதும் இரண்டு தரப்பிலும் சுடுவது நின்று, ஒரு கணம் எல்லாம் அமைதியானது என்று அங்கே இருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கிழக்கே இருந்தவர்களுக்கு விஷயம் விளங்க நேரம் ஆகவில்லை.

அப்புறம் நடந்ததை இன்றைக்கும் பொறுமையாகப் படிக்க முடியாது. படகுகளை எதிரிக்குக் கிடைக்கக்கூடாது என்று முன்பே அழித்துவிட்டிருந்தார்கள். வீட்டுக் கதவு, மூங்கில், பெட்ரோல் தகரம் என்று கிடைத்ததையெல்லாம் கட்டித் தெப்பமாக்கி இறங்கினார்கள். கூர்க்காக்களில் பலர் மலைநாட்டுக்காரர்கள், நீச்சல் தெரியாது. உடைந்த கண்களுக்கு நடுவே கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் இரவில் கடந்தார்கள். கயிற்றைக் கட்டுவதற்காக நீந்திப்போனவர்கள் சுடப்படலாம் என்று தெரிந்தே போனார்கள். காயம்பட்டவர்களைக் கரையில் விட்டுவிட்டு வரவேண்டியிருந்தது. பலர் மூழ்கினார்கள், பலர் சிறைபிடிக்கப்பட்டார்கள்.

மேற்குக் கரையில் எண்ணிப் பார்த்தபோது டிவிஷனின் காலாட்படையில் மிச்சம் 3,484 பேர். இருக்கவேண்டிய எண்ணிக்கையில் பாதிகூட இல்லை. அவர்களிலும் பாதிக்குக் குறைவானவர்களிடம்தான் துப்பாக்கி இருந்தது. பலருக்குக் காலில் பூட்ஸ் இல்லை. நீந்துவதற்காகக் கழற்றிப் போட்டிருந்தார்கள். பீரங்கிகளும் வண்டிகளும் பெரும்பாலும் கிழக்கே போயின.

இதில் ஒரு விபரீதம். பாலம் உடைந்ததும், மாட்டிக்கொண்டவர்களை முழுசாக வாரி அழிப்பதில் ஜப்பானியர் நேரம் செலவிடவில்லை. அவர்கள் கண் ரங்கூனில். ஆற்றின் மேல்பக்கம் நகர்ந்து மார்ச் முதல் வாரத்தில் வேறு இடத்தில் கடந்தார்கள். அதாவது தகர்த்த பாலம் அவர்களைத் தடுக்கத்தான் செய்தது. ரங்கூனுக்குள் அவர்கள் நுழைந்தது மார்ச் 8-ல், வெடித்த பதின்மூன்றாம் நாள். ஹட்டன் கேட்ட அவகாசம் கிடைத்தது. கவச பிரிகேட் பிப்ரவரி 21-லேயே ரங்கூனில் இறங்கிவிட்டிருந்தது. பின்னால் நடந்த நெடும் பின்வாங்கலில் மிஞ்சிய படையைக் காப்பாற்றியதில் அந்த டாங்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்மித் தரப்பு இதைத்தான் சொல்லும். எதிர்த் தரப்பு சொல்வது: நாட்கள் கிடைத்தன, ஆனால் அந்த நாட்களில் நிற்க வேண்டிய டிவிஷன் ஆற்றங்கரையில் கிடந்ததே.

ஏறக்குறைய அதே நாட்களில் இன்னொரு முடிவும் நடந்தது. மத்தியக் கிழக்கிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த 7-வது ஆஸ்திரேலிய டிவிஷனை ரங்கூனுக்கு அனுப்பச் சொல்லி சர்ச்சில் கேட்டார். ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் கர்ட்டின் மறுத்தார். பதில் வருவதற்கு முன்பே சர்ச்சில் கப்பல்களைப் பர்மா பக்கம் திருப்பிவிட்டிருந்தார். கர்ட்டின் விடவில்லை, திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. கர்ட்டினின் முடிவை அன்று லண்டனும் வாஷிங்டனும் கசப்போடு பார்த்தன. சிட்டாங்கில் நடந்ததைப் பார்த்தால், அந்தப் படை ரங்கூனில் இறங்குவதற்குள் இறங்க இடம் இருந்திருக்குமா என்பதே சந்தேகம். நெருக்கடியில் 'முடியாது' என்று சொன்னதும் ஒரு கட்டளை முடிவுதான்.

வேவல் ஸ்மித்தைப் பதவியிலிருந்து நீக்கினார். கோவன் டிவிஷனை ஏற்றார். ஹட்டனுக்குப் பதிலாக ஜெனரல் அலெக்சாண்டர் மார்ச் 5-ல் வந்து சேர்ந்தார். ஸ்மித் அதற்கப்புறம் ராணுவத்தில் தலையெடுக்கவில்லை. போருக்குப் பிறகு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனார். தன் தரப்பைக் கடைசிவரை வாதாடிக்கொண்டிருந்தார். இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. பிப்ரவரி 12-ல் அவர் கேட்டதைக் கொடுத்திருந்தால் 23-ல் அவரை இந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. கொடுக்க மறுத்த சங்கிலியின் மேல்முனையில் இருந்தவர்தான் அவரை நீக்கியவர்.

அலெக்சாண்டர் தப்பிய கதை

முடிவெடுப்பது பற்றிப் பேசுகிறவர்கள் அலெக்சாண்டரை மறந்துவிடுவார்கள். ரங்கூனுக்கு வந்தவுடன் அவர் செய்த முதல் காரியம், நகரத்தைக் காலிசெய்ய ஹட்டன் போட்ட ஏற்பாட்டை நிறுத்தியது. மறுநாளே நிலைமை புரிந்து மனம் மாறி, மார்ச் 7-ல் படையோடு வடக்கே கிளம்பினார். நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம் தாண்டி, தவுச்சான் என்ற இடத்தில் சாலையை ஜப்பானியர் மறித்துவிட்டார்கள். பலமுறை தாக்கியும் உடைக்க முடியவில்லை. பர்மாவின் மொத்தப் பிரிட்டிஷ் தலைமையும் ஒரு சாலை மறிப்புக்குப் பின்னால் நின்றது. விடிந்து மறுபடி தாக்கப் போனபோது அங்கே யாருமில்லை.

காரணம் வேடிக்கையானது. சகுராயின் டிவிஷன் ரங்கூனை வடமேற்கிலிருந்து தாக்கச் சாலையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷார் நகரத்தில் நின்று சண்டை போடுவார்கள் என்பது அவர்கள் எண்ணம். கடப்பதற்குக் காவலாகத்தான் அந்த மறிப்பு. டிவிஷன் கடந்து முடிந்ததும், உத்தரவுப்படி மறிப்பை எடுத்துவிட்டார்கள். எதிரில் வந்து மோதிக்கொண்டே இருப்பது யார் என்று நின்று யோசித்திருந்தால் ஒரு ஜெனரலே கையில் கிடைத்திருப்பார். அவர்கள் நுழைந்த ரங்கூன் காலியாகக் கிடந்தது.

காலியாக என்று எழுதுவது எளிது. 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தமிழரும் தெலுங்கரும் துறைமுகத்தில், ரிக்‌ஷாவில், ஆலைகளில், கடைகளில் இருந்தார்கள். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1941 டிசம்பர் 23 குண்டுவீச்சில் ஓடத் தொடங்கிய கூட்டம், சிட்டாங் செய்திக்குப் பிறகு திரும்பி வரும் எண்ணத்தையே விட்டது. அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் லட்சக்கணக்கானவர்கள் நடந்தார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் 'பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள்' என்று ஒரு தலைமுறையையே சொல்வார்கள். அவர்கள் யாரும் சிட்டாங் என்ற பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ரங்கூன் போன கதைதான் அவர்களுக்குத் தெரியும்.

கோவனின் பாலம்

இரண்டு வருடம் கழித்து இந்த வழக்குக்கு ஒரு பின்கதை உண்டு. அதே 17-வது டிவிஷன், அதே கோவன், எதிரில் அதே 33-வது ஜப்பானிய டிவிஷன். அதன் 214-வது, 215-வது ரெஜிமென்டுகள்கூட சிட்டாங்கில் இருந்தவைதான். அந்த ஜப்பானிய டிவிஷனின் தளபதி மட்டும் வேறு. இடம் இம்பாலுக்குத் தெற்கே, இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, டிடிம். 1944 மார்ச். ஜப்பானியர் வழக்கம்போல் சுற்றிவந்து பின்பக்கச் சாலையை மறிக்கிறார்கள். கோவனுக்கு மேலே, பல டிவிஷன்கள் சேர்ந்த கோர் படையின் தளபதியாக இருந்த ஸ்கூன்ஸ் பின்வாங்கும் உத்தரவு கொடுக்கத் தாமதிக்கிறார். மார்ச் 13-ல்தான் கொடுக்கிறார். கோவன் கிளம்பும்போது பின்னாலிருந்த சாலையில் எதிரி உட்கார்ந்துவிட்டான். கேட்டால் 1942-ஐத் திரும்பப் பார்ப்பதுபோலத்தான் இருக்கும்.

ஒரு வேறுபாடு. டிவிஷனுக்கும் இம்பாலுக்கும் நடுவே மணிப்பூர் ஆற்றின் மேல் ஒரு பாலம் இருந்தது. போகும் வழியில் மிக மெல்லிய இடம் அதுதான் என்று கோவன் முன்பே குறித்து வைத்திருந்தார். அதைக் காக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார். விமானத்தில் சாப்பாடும் குண்டும் வந்தன. ஸ்கூன்ஸ் இம்பாலிலிருந்து தன் இருப்பிலிருந்த பிரிகேடுகளை எதிர்கொண்டு அனுப்பினார். சாலை மறிப்புகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு மூன்று வாரம் நடந்தார்கள். காயம்பட்டவர்களையும் பெரும்பாலான வண்டிகளையும் கூடவே கொண்டுவந்தார்கள். மார்ச் கடைசியில் பின்காவல் மணிப்பூர் ஆற்றைக் கடந்தது. கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகு, பாலத்தைத் தகர்த்தார்கள்.